7. அட்டவணையைத் திரையோடு இணைத்தல்

பெயர்ப் பெட்டியில் ‘செல்வி’ என்று தட்டுகிறீர்கள். திரையில் தெரிகிறது. அடுத்த பதிவுக்குப் போய்த் திரும்பி வந்தாலும் இருக்கிறது. நிரலை மூடித் திறந்தால் காணோம். தரவுத்தளத்தைத் திரையோடு இணைக்கப் பழகுபவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு தையற்கடைக்கு நான் எழுதிக் கொடுத்த முதல் நிரலில், பகல் முழுக்கப் பதிந்த அளவுகள் மறுநாள் காலையில் இல்லை. கடைக்காரர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மறுபடி அளவெடுத்தார். ஆகவே இந்த அத்தியாயத்தில், இணைப்பதைவிடச் சேமிப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

நாம் செய்யப்போவதும் தையற்கடை அளவு நோட்டுதான். வாடிக்கையாளர்களுக்கு ஓர் அட்டவணை, அவர்கள் கொடுத்த துணிகளுக்கு ஓர் அட்டவணை. மேலே ஒரு வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுத்தால் கீழே அவருடைய ஆர்டர்கள் மட்டும் தெரிய வேண்டும்.

கருவி லாசரஸ். காசு கொடுக்க வேண்டாம். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். 1995இல் போர்லாண்ட் வெளியிட்ட டெல்ஃபியின் இணைப்பு முறையையே இதுவும் பின்பற்றுகிறது. இங்கே கற்பதை டெல்ஃபியில் பெரும்பாலும் அப்படியே பயன்படுத்தலாம். தரவுத்தளம் எஸ்கியூலைட்: தனியாக சர்வர் எதுவும் வேண்டாம், எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும்.

குறிப்பு: காம்போனென்ட், பண்பு, கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும். அட்டவணை, புலப் பெயர்களையும் நீங்கள் ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள். தமிழ்ப் பெயர் பயனர் பார்க்கும் தலைப்பில் வந்தால் போதும்.

தொடங்கும் முன்

விண்டோஸில் எஸ்கியூலைட்3 டிஎல்எல் கோப்பு தேவை. இதில் வரும் தவறு ஒன்றே ஒன்றுதான், ஆனால் அரை நாளைத் தின்றுவிடும்: 64 பிட் லாசரஸுக்கு 32 பிட் டிஎல்எல் உதவாது. இரண்டும் ஒரே பிட்டாக இருக்க வேண்டும். வடிவமைக்கும்போதே தரவைப் பார்க்க வேண்டுமானால் டிஎல்எல் கோப்பின் ஒரு பிரதி லாசரஸ் நிறுவப்பட்ட கோப்புறையிலும் இருக்கட்டும். இன்னொன்று உங்கள் நிரலின் கோப்புறையில். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் எஸ்கியூலைட்3இன் டெவ் பொதியை நிறுவுங்கள். அது இல்லாவிட்டால் நூலகம் கணினியில் இருந்தும் லாசரஸுக்குக் கிடைக்காமல் போகலாம்.

அட்டவணைகளை உருவாக்க ‘டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட்’ என்ற இலவசக் கருவி போதும்.

முதலில் அட்டவணைகள்

1. டிபி பிரவுசரில் புதிய தரவுத்தளம் ஒன்றைத் தொடங்கி, உங்கள் நிரலுக்கென்று ஒதுக்கிய தனிக் கோப்புறையில் சேமியுங்கள்.

2. வாடிக்கையாளர் அட்டவணை: எண் (இன்டிஜர்), பெயர் (வார்கேர் 200), கைபேசி (வார்கேர் 20), மார்பு, இடுப்பு, தோள், கை நீளம் (நான்கும் ரியல்), குறிப்பு (டெக்ஸ்ட்).

3. எண் புலத்துக்கு எதிரே ‘பிகே’ பெட்டியில் டிக் செய்யுங்கள். பக்கத்தில் உள்ள ‘ஏஐ’ பெட்டியைத் தொட வேண்டாம். எண்ணை நாமே கொடுக்கப்போகிறோம். காரணம் ஆர்டர் பகுதியில் வரும்.

4. ஆர்டர் அட்டவணை: ஆர்டர் எண் (இன்டிஜர், பிகே), வாடிக்கையாளர் எண் (இன்டிஜர்), துணி வகை (வார்கேர் 100), டெலிவரி தேதி (டேட்), கூலி, அட்வான்ஸ் (இரண்டும் இன்டிஜர்). வாடிக்கையாளர் எண்ணை ஃபாரின் கீயாக முதல் அட்டவணையின் எண்ணோடு சேர்த்துவிடுங்கள்.

5. ‘ரைட் சேஞ்சஸ்’ பொத்தானை அழுத்துங்கள். அழுத்தும்வரை நீங்கள் செய்தது எதுவும் கோப்பில் இல்லை.

இந்த வகைத் தேர்வுகளில் மூன்றுக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

கைபேசி எண்ணை எண் வகையில் வைக்காதீர்கள். அதை யாரும் கூட்டிக் கழிக்கப்போவதில்லை. தரைவழித் தொலைபேசியின் முன்னால் வரும் பூஜ்யம் மட்டும் காணாமல் போகும். அதையே முதன்மைச் சாவியாகவும் வைக்காதீர்கள். அம்மாவும் மகளும் ஒரே எண்ணைக் கொடுப்பது தையற்கடையில் அன்றாடம் நடப்பது.

பெயருக்கு டெக்ஸ்ட் வகை கொடுத்தால் லாசரஸ் அதை நீளமான உரை என்று எடுத்துக்கொள்ளும். கிரிட்டில் பெயருக்குப் பதிலாக ஒவ்வொரு வரியிலும் அடைப்புக்குறிக்குள் ‘மெமோ’ என்ற சொல் மட்டும் தெரியும். தரவு அழிந்துவிட்டதோ என்று பயந்து போவீர்கள், அழியவில்லை. வார்கேர் என்று மாற்றினால் சரியாகும். டெக்ஸ்டாகவே இருக்க வேண்டிய புலமானால் கிரிட்டின் ஆப்ஷன்ஸ் பண்பில் ‘டிஜி டிஸ்பிளே மெமோ டெக்ஸ்ட்’ என்பதை இயக்குங்கள்.

வார்கேருக்கு ஏன் 200? எஸ்கியூலைட் அந்த நீளத்தைக் கண்டுகொள்வதே இல்லை. எவ்வளவு நீளமாக எழுதினாலும் வாங்கி வைக்கும். லாசரஸ் கண்டுகொள்ளும்: அந்த எண்ணைப் பார்த்துத்தான் புலத்துக்கு நினைவகம் ஒதுக்குகிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். ‘கி’ என்ற ஓரெழுத்து நமக்கு ஒன்று. கணினிக்கு ககரமும் இகரக் குறியும் சேர்ந்து ஆறு பைட். 30 என்று போட்டுவிட்டு, ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்துவிட்டு, கடையில் போய் ‘முத்துக்குமாரசாமி’ பாதியில் வெட்டுப்படுவதைப் பார்க்க வேண்டாம். நீளத்தைத் தாராளமாகக் கொடுங்கள். எப்போதும் தமிழ்ப் பெயர்களை வைத்தே சோதியுங்கள்.

சங்கிலியைக் கட்டுதல்

தரவு கோப்பிலிருந்து திரைக்கு வர ஐந்து கண்ணிகள்: கனெக்ஷன், டிரான்ஸாக்ஷன், குவெரி, டேட்டாசோர்ஸ், திரையில் தெரியும் கன்ட்ரோல். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். இந்த வரிசையில் போனால் சில பண்புகளை லாசரஸே நிரப்பிக்கொள்ளும்.

1. புதிய அப்ளிகேஷன் ஒன்றைத் தொடங்கி, உடனே தரவுத்தளம் இருக்கும் அதே கோப்புறையில் சேமியுங்கள்.

2. எஸ்கியூஎல்டிபி தாவலிலிருந்து எஸ்கியூலைட்3கனெக்ஷன், எஸ்கியூஎல்டிரான்ஸாக்ஷன், எஸ்கியூஎல்குவெரி ஆகிய மூன்றையும் ஃபார்மில் வையுங்கள்.

3. டேட்டா ஆக்சஸ் தாவலிலிருந்து ஒரு டேட்டாசோர்ஸ்.

4. டேட்டா கன்ட்ரோல்ஸ் தாவலிலிருந்து ஒரு டிபிகிரிட், ஒரு டிபிநேவிகேட்டர், தேவையான அளவு டிபிஎடிட்.

5. இப்போதே பெயர் மாற்றுங்கள்: குவெரிக்கு ‘வாடிக்கையாளர் குவெரி’, டேட்டாசோர்ஸுக்கு ‘வாடிக்கையாளர் சோர்ஸ்’ என்ற பொருள் வரும்படி. குவெரி1, குவெரி2 என்று விட்டுவைத்தால் இரண்டாவது அட்டவணை வரும்போது எது எதோடு சேர்ந்தது என்பதே மறந்துபோகும்.

6. கனெக்ஷனின் டேட்டாபேஸ்நேம் பண்பில் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். அதன் டிரான்ஸாக்ஷன் பண்பில் டிரான்ஸாக்ஷனைத் தேர்ந்தெடுங்கள். டிரான்ஸாக்ஷனின் டேட்டாபேஸ் பண்பு தானாக நிரம்பியிருக்கும். ஒருமுறை பார்த்து உறுதிசெய்யுங்கள்.

7. கனெக்ஷனின் பேராம்ஸ் பட்டியலில் ஃபாரின் கீஸ் என்ற இரு சொற்களை அடிக்கோட்டால் சேர்த்து, சமக்குறியிட்டு, ‘ஆன்’ என்று எழுதுங்கள். இது இல்லாவிட்டால் எஸ்கியூலைட் ஃபாரின் கீ விதியைக் கவனிக்காது. ஆர்டர் இருக்கும்போதே வாடிக்கையாளரை அழிக்க விட்டுவிடும்.

8. குவெரியின் டேட்டாபேஸ் பண்பில் கனெக்ஷனைக் கொடுங்கள். எஸ்கியூஎல் பண்பில், வாடிக்கையாளர் அட்டவணையிலிருந்து எல்லாப் புலங்களையும் பெயர் வரிசையில் எடுக்கும் செலக்ட் கட்டளை.

9. டேட்டாசோர்ஸின் டேட்டாசெட் பண்பில் குவெரி.

10. கிரிட்டுக்கும் நேவிகேட்டருக்கும் டேட்டாசோர்ஸ் பண்பில் அந்த சோர்ஸ். டிபிஎடிட் ஒவ்வொன்றுக்கும் டேட்டாசோர்ஸோடு டேட்டாஃபீல்டும் உண்டு. டேட்டாஃபீல்டைக் கொடுக்க மறந்தால் பெட்டி காலியாக நிற்கும். பிழைச் செய்தி வராது.

11. குவெரியின் ஆக்டிவ் பண்பை ‘ட்ரூ’ ஆக்குங்கள். அட்டவணையில் தரவு இருந்தால், நிரலை ஓட்டாமலே, வடிவமைப்புத் திரையிலேயே தெரியும்.

தெரியாவிட்டால் சங்கிலியைப் பின்னாலிருந்து சோதிக்காதீர்கள், முன்னாலிருந்து வாருங்கள். கனெக்ஷனின் கனெக்டட் பண்பு ‘ட்ரூ’ ஆகிறதா? ஆகாவிட்டால் சிக்கல் பெரும்பாலும் டிஎல்எல் அல்லது பாதை. அது ஆகியும் குவெரி திறக்க மறுத்தால் செலக்ட் கட்டளையில் பிழை. குவெரியும் திறந்து, அட்டவணையில் தரவு இருந்தும் கிரிட் காலியாக இருந்தால் டேட்டாசோர்ஸில் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது.

இன்னும் ஒன்று. எஸ்கியூலைட்டுக்குத் தவறான பாதையைக் கொடுத்தால் ‘கோப்பு இல்லை’ என்று பெரும்பாலும் சொல்லாது. அந்தப் பெயரில் புதிய வெற்றுக் கோப்பை உருவாக்கிவிடும். பிறகு ‘அப்படி ஓர் அட்டவணை இல்லை’ என்ற செய்தி வரும். அட்டவணையை நாம் உருவாக்கினோமே என்று தேடத் தொடங்குவீர்கள். இந்தச் செய்தியைக் கண்டால் முதலில் பாதையைப் பாருங்கள். எங்கேயாவது பூஜ்யம் பைட் அளவில் ஒரு கோப்பு கிடக்கும்.

திரையை ஒழுங்கு செய்தல்

கிரிட்டின் காலம்ஸ் பண்பில் நெடுவரிசைகளைச் சேர்த்து, தலைப்பைத் தமிழில் எழுதி, அகலத்தைச் சரிசெய்யுங்கள். கிரிட்டைப் பார்ப்பதற்கு மட்டும் வைத்து, அதன் ரீட்ஒன்லி பண்பை ‘ட்ரூ’ ஆக்கிவிடுவதே நல்லது என்பது என் அனுபவம். திருத்தம் எல்லாம் டிபிஎடிட் பெட்டிகளில் நடக்கட்டும். கிரிட்டில் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போகும்போது கைதவறி ஓர் எண் விழுந்தால், ஒருவருடைய இடுப்பளவு மாறியிருப்பதைத் துணியை வெட்டிய பிறகுதான் கண்டுபிடிக்க முடியும்.

இதே காரணத்துக்காக டேட்டாசோர்ஸின் ஆட்டோஎடிட் பண்பை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள். அதன் பிறகு நேவிகேட்டரில் திருத்து பொத்தானை அழுத்தினால்தான் பெட்டிகளில் எழுத முடியும். ஒரு கிளிக் கூடுதல்தான். கடையில் வேலை செய்பவர் முதலில் முணுமுணுப்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். நேவிகேட்டரின் கன்ஃபர்ம்டிலீட் ‘ட்ரூ’ என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையில் பத்து வரிகளுக்கு மேல் இருந்தும் ரெக்கார்ட்கவுன்ட் பத்து என்றே சொல்கிறதா? குவெரி தரவைப் பத்துப் பத்தாகத்தான் எடுக்கிறது. கீழே போகப்போக மீதி வரும். முழு எண்ணிக்கை வேண்டுமானால் பாக்கெட்ரெக்கார்ட்ஸ் பண்பில் மைனஸ் ஒன்று கொடுங்கள். சில ஆயிரம் வாடிக்கையாளர்கள் உள்ள கடைக்கு இதனால் எந்தத் தாமதமும் தெரியாது.

சேமிப்பின் மூன்று படிகள்

தொடக்கத்தில் சொன்ன ‘செல்வி’ எங்கே போனாள் என்பதற்கு இப்போது வருவோம்.

தையற்கடையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. துணியில் முதலில் சாக்கட்டியால் கோடு போடுகிறார்கள். பிறகு கையால் நூலோட்டுகிறார்கள். கடைசியில் மெஷினில் தைக்கிறார்கள். சாக்கட்டிக் கோட்டைத் தட்டினால் போய்விடும். நூலோட்டியதை இழுத்துப் பிரித்துவிடலாம். மெஷின் தையல் நிற்கும்.

போஸ்ட் என்பது சாக்கட்டிக் கோடு. நேவிகேட்டரில் டிக் குறியை அழுத்தும்போது நடப்பது இதுதான். நீங்கள் தட்டியது குவெரியின் நினைவகத்துக்குப் போகிறது. கிரிட்டில் தெரிகிறது. தரவுத்தளத்துக்கு இன்னும் எதுவும் தெரியாது.

அப்ளைஅப்டேட்ஸ் என்பது நூலோட்டம். நினைவகத்தில் சேர்ந்திருக்கும் மாற்றங்களைக் குவெரி இன்சர்ட், அப்டேட், டிலீட் கட்டளைகளாக எழுதித் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது. ஆனால் இது டிரான்ஸாக்ஷனுக்குள் நிற்கிறது. ரோல்பேக் சொன்னால் பிரிந்துவிடும்.

கமிட் என்பது மெஷின் தையல். கோப்பில் நிலையாக எழுதப்படுவது இங்கேதான்.

நேவிகேட்டர் முதல் படியோடு நின்றுவிடுகிறது. மீதி இரண்டும் உங்கள் பொறுப்பு. என் முதல் நிரலில் டிக் குறியைச் சேமிப்பு என்று நம்பினேன். கடை அடைத்தபோது நிரலும் மூடியது. நினைவகத்தில் இருந்த அத்தனையும் போயிற்று.

இதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு.

வழி ஒன்று, தானியங்கி:

1. குவெரியின் ஆப்ஷன்ஸ் பண்பை விரியுங்கள்.

2. ஆட்டோ அப்ளை அப்டேட்ஸ், ஆட்டோ கமிட், கீப் ஓப்பன் ஆன் கமிட் ஆகிய மூன்றையும் இயக்குங்கள். மூன்றின் பெயருக்கும் முன்னால் ‘எஸ்கியூஓ’ என்று இருக்கும்.

3. அதே டிரான்ஸாக்ஷனைப் பயன்படுத்தும் எல்லாக் குவெரிகளுக்கும் இதையே செய்யுங்கள்.

மூன்றாவது தேர்வை விட்டுவிட்டால், கமிட் நடந்த மறுகணம் குவெரி மூடிக்கொண்டு கிரிட் வெறுமையாகிவிடும். கமிட் செய்தால் திறந்திருக்கும் குவெரிகள் மூடப்படுவது லாசரஸின் இயல்பு. ஒரு குவெரியில் மட்டும் இதை இயக்கி மற்றதில் மறந்தால் மறந்தது மட்டும் மூடும். இயக்கினால் எல்லா வரிகளும் ஒரேயடியாக நினைவகத்துக்கு வரும். நம் அளவுக்கு அது சுமையில்லை.

வழி இரண்டு, கையால்: சேமி என்று ஒரு பொத்தான் வைத்து, அதன் ஆன்கிளிக் நிகழ்வில் போஸ்ட், அப்ளைஅப்டேட்ஸ், கமிட் மூன்றையும் இதே வரிசையில் எழுதி, பிறகு குவெரியைத் திறப்பது. மூன்று அட்டவணைகளில் ஒன்றாக மாற்றம் செய்து, எல்லாம் நடக்க வேண்டும் அல்லது எதுவுமே நடக்கக் கூடாது என்ற நிலை இருந்தால் இதுதான் சரி. பணம் வாங்கி, ஆர்டரை முடித்து, பாக்கியைக் குறைப்பது அந்த வகை. அளவு நோட்டுக்கு முதல் வழி போதும்.

எந்த வழியானாலும் ஃபார்மின் ஆன்குளோஸ்குவெரி நிகழ்வை விட்டுவிடாதீர்கள். பயனர் பாதி தட்டிவிட்டு மூடும் குறியை அழுத்துவார். அங்கே குவெரியின் ஸ்டேட் பண்பைப் பாருங்கள். எடிட் அல்லது இன்சர்ட் நிலையில் இருந்தால் ‘சேமிக்கவா?’ என்று கேளுங்கள். ஆம் என்றால் போஸ்ட் (வழி இரண்டானால் அப்ளைஅப்டேட்ஸும் கமிட்டும்கூட), இல்லை என்றால் கேன்சல். பிறகுதான் மூட விட வேண்டும்.

பிழை வந்தால்: ஆர்டர் உள்ள வாடிக்கையாளரை யாராவது அழிக்க முயன்றால் தரவுத்தளம் மறுக்கும். கிரிட்டிலிருந்தோ வரி போயிருக்கும். திரை ஒன்று சொல்ல, கோப்பு இன்னொன்று சொல்லும். ட்ரை–எக்செப்ட்டுக்குள் பிழையைப் பிடித்து, கேன்சல்அப்டேட்ஸும் ரோல்பேக்கும் சொல்லி, குவெரியை மறுபடி திறந்துவிடுங்கள். பயனருக்கு ‘இவருக்கு ஆர்டர் இருக்கிறது, அழிக்க முடியாது’ என்று தமிழில் சொல்லுங்கள்.

வாடிக்கையாளருக்குக் கீழே ஆர்டர்கள்

1. இரண்டாவது குவெரி, இரண்டாவது டேட்டாசோர்ஸ், இரண்டாவது கிரிட் ஆகியவற்றை முன்போலவே இணையுங்கள். கனெக்ஷனும் டிரான்ஸாக்ஷனும் பழையவையே.

2. ஆர்டர் குவெரியின் எஸ்கியூஎல் கட்டளையில், வாடிக்கையாளர் எண் இதற்குச் சமமாக இருக்கும் வரிகள் மட்டும் என்று வேர் பகுதி எழுதுங்கள். சமக்குறிக்கு வலப்புறம் ஒரு முக்காற்புள்ளி. அதை ஒட்டி வாடிக்கையாளர் அட்டவணையில் உள்ள எண் புலத்தின் பெயர். இந்தப் பெயர் மேல் குவெரியின் புலப் பெயரோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் கீழ்க் கிரிட்டில் ஆர்டர்கள் வராது.

3. ஆர்டர் குவெரிக்கே டேட்டாசோர்ஸ் என்று ஒரு பண்பு இருக்கும். அதில் ‘வாடிக்கையாளர் சோர்ஸ்’ஐத் தேர்ந்தெடுங்கள். ‘ஆர்டர் சோர்ஸ்’ஐ அல்ல. பலரும் இந்த இடத்தில்தான் மாற்றிக் கொடுக்கிறார்கள்.

4. வாடிக்கையாளர் குவெரியை முதலில் திறந்து, பிறகு ஆர்டர் குவெரியைத் திறங்கள்.

மேலே வரி மாறும்போதெல்லாம் கீழ்க் குவெரி மூடித் திறக்கிறது. இதிலிருந்து ஓர் ஆபத்து பிறக்கிறது: ஆர்டரில் போஸ்ட் மட்டும் செய்து, அப்ளைஅப்டேட்ஸ் செய்யாமல் அடுத்த வாடிக்கையாளருக்கு நகர்ந்தால் அந்த ஆர்டர் சத்தமில்லாமல் போய்விடும். நிரலை மூடக்கூட வேண்டாம். கீழ்க் குவெரிக்கு ஆட்டோ அப்ளை அப்டேட்ஸை மறக்காமல் இயக்கச் சொல்வது இதனால்தான்.

புதிய ஆர்டரில் வாடிக்கையாளர் எண்ணை யார் நிரப்புவது? லாசரஸ் நிரப்பாது. ஆர்டர் குவெரியின் ஆன்நியூரெக்கார்ட் நிகழ்வில், மேல் குவெரியின் எண்ணை எடுத்துக் கீழ்க் குவெரியின் வாடிக்கையாளர் எண் புலத்தில் வையுங்கள்.

இதற்கு மேல் வரிக்கு ஏற்கெனவே ஓர் எண் இருக்க வேண்டும். எண்ணைத் தரவுத்தளமே கொடுக்கட்டும் என்று விட்டால் சேமித்து முடித்த பிறகுதான் அது தெரியவரும். ஆகவே வாடிக்கையாளர் குவெரியின் ஆன்நியூரெக்கார்டில், அட்டவணையில் உள்ள பெரிய எண்ணோடு ஒன்று கூட்டித் தரும் சிறிய குவெரி ஒன்றை ஓட்டி, அந்த எண்ணை நாமே வைக்கிறோம். ஆர்டர் எண்ணுக்கும் இப்படியே. ஒரே கணினியில் ஓடும் நிரலுக்கு இது பாதுகாப்பானது. துணியில் குத்தும் டோக்கனிலும் இதே எண்ணை எழுதிக்கொள்ளலாம். பல கணினிகள் ஒரே நேரத்தில் எழுதும் நிரலில் இந்த முறையைப் பயன்படுத்தக் கூடாது; இருவருக்கு ஒரே எண் கிடைத்துவிடும்.

மேல் வரி இன்னும் இன்சர்ட் நிலையிலேயே இருக்கும்போது பயனர் கீழே கிளிக் செய்வார். ஆர்டர் குவெரியின் பிஃபோர்இன்சர்ட் நிகழ்வில் மேல் குவெரியின் நிலையைப் பார்த்து, சேமிக்காமல் இருந்தால் ‘முதலில் வாடிக்கையாளரைச் சேமியுங்கள்’ என்று சொல்லி, அபார்ட் கட்டளையால் நிறுத்திவிடுங்கள்.

குறிப்பு: இரண்டு அட்டவணைகளையும் ஜாயின் போட்டு ஒரே கிரிட்டில் காட்ட ஆசை வரும். பார்க்கவும் அச்சிடவும் சரி. திருத்த முயன்றால், அப்டேட் கட்டளைகளை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒற்றை அட்டவணையின் எளிய செலக்ட்டுக்குத்தான் லாசரஸ் அவற்றைத் தானாக எழுதிக்கொள்ளும்.

தேதி

எஸ்கியூலைட்டில் தேதிக்கென்று தனிச் சேமிப்பு வகை கிடையாது. புலத்துக்கு டேட் என்று பெயரிட்டால், லாசரஸ் அதைத் தேதியாக நடத்தி, ஜூலியன் நாள் எண்ணாகச் சேமிக்கிறது. 2000 ஜனவரி 1 நள்ளிரவு என்பது 2451544.5. டிபி பிரவுசரில் திறந்து பார்த்தால் டெலிவரி தேதி இருக்கும் இடத்தில் இப்படி ஓர் எண் நிற்கும், பிழை இல்லை. செலக்ட் கட்டளையில் அந்தப் புலத்தை டேட் என்ற சார்புக்குள் வைத்தால் ஆண்டு–மாதம்–நாள் வடிவில் வரும். கையால் உரையாகச் சில தேதிகளையும் நிரல் வழியாகச் சில தேதிகளையும் கலந்து எழுதினால் மட்டும் வரிசைப்படுத்துவது குழம்பும். தேதிகளை எப்போதும் நிரல் வழியாகவே எழுதுங்கள்.

03/04 என்பது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ என்பது அந்தக் கணினியின் அமைப்பைப் பொறுத்தது. நிரல் தொடங்கும்போதே ஷார்ட்டேட்ஃபார்மட்டை நாள்–மாதம்–ஆண்டு என்று நீங்கள் நிர்ணயித்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முந்தைய நாள் கொடுக்க வேண்டிய ரவிக்கை விஷயத்தில் ஊகத்துக்கு இடம் வைக்கக் கூடாது.

கடைக்குக் கொண்டுபோகும் முன்

1. வடிவமைப்புத் திரையில் குவெரிகளின் ஆக்டிவை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள். பிறகு கனெக்ஷனின் கனெக்டட். அப்படியே விட்டால் உங்கள் கணினியின் பாதையை அவர் கணினியில் தேடி, நிரல் திறக்கும்போதே தடுமாறும். உங்கள் கணினியில் நிரலைச் சோதிக்கும்போது ‘டேட்டாபேஸ் இஸ் லாக்ட்’ என்று வந்தாலும் காரணம் பெரும்பாலும் இதுதான்: லாசரஸ் ஒரு பக்கம் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது. டிபி பிரவுசரையும் மூடுங்கள்.

2. ஃபார்மின் ஆன்கிரியேட் நிகழ்வில் பாதையை அமைத்து, கோப்பு இருக்கிறதா என்று ஃபைல்எக்ஸிஸ்ட்ஸால் பார்த்து, இருந்தால் மட்டும் குவெரிகளைத் திறங்கள். இல்லாவிட்டால் செய்தி காட்டி நிறுத்துங்கள்.

3. தரவுக் கோப்பை விண்டோஸின் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் வைக்காதீர்கள். சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. கெட்ஆப்கான்ஃபிக்டிர் தரும் கோப்புறை பொருத்தமானது.

4. தேடல் பெட்டி வைத்தால், தட்டிய சொல்லை எஸ்கியூஎல் கட்டளையோடு ஒட்டி எழுதாதீர்கள். முக்காற்புள்ளியிட்ட பேராமீட்டராக வைத்து, பேராம்பைநேம் வழியாக மதிப்பைக் கொடுங்கள். ஒட்டி எழுதினால் ஓர் ஒற்றை மேற்கோள்குறி போதும், கட்டளை உடைந்துவிடும். வேண்டுமென்றே தட்டத் தெரிந்தவர் அட்டவணையையே குலைக்கலாம்.

5. நகல் எடுப்பதைப் பழக்கமாக்குங்கள். நிரலை மூடிய பிறகே கோப்பை நகலெடுக்க வேண்டும். தரவுக் கோப்பின் பக்கத்தில் அதே பெயரோடு ‘ஜர்னல்’ என்று முடியும் இன்னொரு கோப்பு கிடந்தால் குப்பை என்று அழித்துவிடாதீர்கள். பாதியில் நின்ற சேமிப்பைச் சரிசெய்யத் தேவையானது அதில் இருக்கிறது. அழித்தால் தரவுத்தளமே கெட்டுப்போகலாம்.

6. இரண்டு கணினிகளில் வேண்டும் என்று கேட்டால், கோப்பைப் பகிர்ந்த கோப்புறையில் வைத்துச் சமாளிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். வலைப்பின்னல் கோப்புறைகளில் எஸ்கியூலைட்டின் பூட்டுகளை நம்ப முடியாது. அப்போது ஃபயர்பேர்டோ போஸ்ட்கிரேஎஸ்கியூஎல்லோ நிறுவி, கனெக்ஷன் காம்போனென்டை மாற்றுங்கள். எண் கொடுக்கும் முறையையும் சில கட்டளைகளையும் திருத்த வேண்டிவரும். குவெரி, டேட்டாசோர்ஸ், திரை என்ற மீதிச் சங்கிலி அப்படியே இருக்கும்.

மின்வெட்டுச் சோதனை

இதைச் செய்யாமல் யாருக்கும் நிரலைக் கொடுக்காதீர்கள்.

1. புதிய வாடிக்கையாளர் ஒருவரையும் அவருக்கு இரண்டு ஆர்டர்களையும் பதிந்து, டிக் குறியை அழுத்துங்கள்.

2. நிரலை முறைப்படி மூடாதீர்கள். டாஸ்க் மேனேஜரில் அதை வலுக்கட்டாயமாக நிறுத்துங்கள். கடையில் மின்சாரம் போவதும் நிரலுக்கு ஏறக்குறைய இப்படித்தான்.

3. மறுபடி திறங்கள். மூன்று பதிவுகளும் இருக்க வேண்டும்.

4. வாடிக்கையாளரும் இல்லை, ஆர்டர்களும் இல்லை என்றால் கமிட் நடக்கவில்லை. வாடிக்கையாளர் இருந்து ஆர்டர்கள் இல்லை என்றால் கீழ்க் குவெரியின் ஆப்ஷன்ஸ் விட்டுப்போயிருக்கிறது. ஆர்டர்கள் டிபி பிரவுசரில் இருந்தும் திரையில் இல்லை என்றால் அவற்றின் வாடிக்கையாளர் எண் புலம் காலியாக இருக்கும், ஆன்நியூரெக்கார்டைப் பாருங்கள்.

5. இப்போது ஒரு பழைய பதிவைத் திருத்தி, டிக் குறியை அழுத்தாமலே நிரலை நிறுத்துங்கள். திறந்தால் பழைய அளவே முழுசாக இருக்க வேண்டும். பாதி பழையதும் பாதி புதியதுமாக இருக்கக் கூடாது.

6. கடைக்காரரையே பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கையால் ஒருமுறை இதைச் செய்யச் சொல்லுங்கள். டிக் குறியை அழுத்தியது இருக்கும், அழுத்தாதது இருக்காது என்று அவர் கண்ணால் பார்த்த பிறகு, பழைய அளவு நோட்டையும் ஒரு மாதம் கூடவே எழுதிவரச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.